சிறு மடிக்கணினிகள்: எடையும் விலையும்

சிறிய, எடை குறைந்த, விலை மலிந்த மடிக்கணினிகளை நம்பி வாங்கலாமா என்ற கேள்வி நம் நண்பர்கள் வட்டத்தில் ஆண்டுக்கொரு முறையேனும் தலைதூக்கும். வழக்கமாக அது தொழில்நுட்பம் அறிந்த இரண்டொருவர் கையில் சிக்கி, செயலிகளின் பெயர்களை மாறி மாறி உச்சரிப்பதோடு முடிந்துவிடும். இம்முறை அப்படி முடியவில்லை. கேட்டவர் ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஒரு மாணவி. சமவெளியில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறார். ஆகவே அரசு வழங்கும் கணினியை அவர் எதிர்பார்ப்பதற்கில்லை. புளியும் சாமையும் விற்ற பணத்தில் வீட்டில் இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். பாட்டி பாடும் பாட்டுகளையும் ஊரில் வழங்கும் கதைகளையும் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறார். அவற்றைக் கேட்டு எழுத்தில் பெயர்க்க வேண்டும். விளம்பரத்தில் கண்ட, ஒரு கிலோவுக்கும் குறைந்த சிறு கணினியை வாங்கட்டுமா என்பது அவர் கேள்வி.

இருபதாயிரம் ரூபாய் நம்மில் சிலருக்கு இரண்டு புத்தகக் கண்காட்சிகளின் செலவு. அந்த வீட்டில் அது ஒரு பருவத்தின் உழைப்பு. நாம் தவறான பொருளை வாங்கினால் முணுமுணுத்துவிட்டு அடுத்ததை வாங்குவோம். அங்கே அடுத்தது என்று ஒன்றில்லை. எனவே இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. இலக்கியம் பேசும் இடத்தில் கணினிக்கடைப் பேச்சு எதற்கு என்று முகம் சுளிப்போர் பொறுத்தருள்க. எழுதுகருவியைப் பற்றிய பேச்சு எழுத்தைப் பற்றிய பேச்சுதான் என்பது நம் எண்ணம்.

ஜவ்வாது மலைப் பக்கம் கருவிகளைச் சுமந்து செல்வோரைப் பற்றிப் பேச்செடுத்தால் மலைபடுகடாம் நினைவுக்கு வராமலிராது. செங்கண்மாவின் நன்னனைப் பாடிய அந்த ஆற்றுப்படை, கூத்தர் கூட்டமொன்று தன் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டிச் சுமந்து வருவதைச் சொல்லியே தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டியல் நீள்கிறது. சுமை பலாக்காய்க் கொத்துப்போலத் தொங்குகிறதாம். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர். பலாவும் இன்றுவரை அம்மலையின் பொருள்தான். நமக்கு அதில் கவனத்துக்குரியது வேறொன்று. மலையேற வேண்டுமே என்பதற்காக அந்தக் கூத்தர் முழவைப் பாதியளவில் செய்துகொண்டதாகப் புலவர் சொல்லவில்லை. சுமக்கத் தக்க வகையில் கட்டினார்கள், கருவியைக் குறைக்கவில்லை. சிறு மடிக்கணினிகளின் வரலாறு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடந்திருக்கிறது.

கையடக்கமான கணினி என்ற கனவு பழையது. 1972-இல் ஆலன் கே ‘டைனாபுக்’ என்று ஒன்றைக் கற்பனை செய்து எழுதினார். குழந்தைகளுக்கான கணினி, குறிப்பேட்டின் அளவு, நான்கு பவுண்டுக்கு மிகாத எடை, ஐந்நூறு டாலர் விலை. அக்கனவின் வழிவந்தவரான நிக்கோலஸ் நெக்ரபாண்டே 2005-இல் ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தை நூறு டாலர் விலையில் அறிவித்தார். 2007-இல் பொருள் கைக்கு வந்தபோது விலை ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. எனினும் அந்தப் பச்சை நிறக் கணினியை மலிவுச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே குறைந்த எடை, நீர் புகாத ரப்பர் விசைப்பலகை, வெட்டவெளி வெயிலில் படிக்கத்தக்க திரை. அந்தத் திரையைப் போன்ற ஒன்றை இன்றும் நம் கடைகளில் காண்பதரிது. இந்திய அரசு 2006-இலேயே அத்திட்டத்தை வேண்டாமென்று விட்டது. பெரு நாடு இலட்சக்கணக்கில் வாங்கி ஆண்டிஸ் மலைப் பள்ளிகளுக்கும் அனுப்பியது. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளை ஆராய்ந்து அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மேம்பாட்டு வங்கி 2012-இல் வெளியிட்ட ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்றது. மலைக்குக் கணினியை ஏற்றிவிட்டால் கல்வி தானே ஏறிவிடும் என்று நம்புவோர் அந்த ஆய்வை ஒருமுறை படிப்பது நலம்.

2007 அக்டோபரில் வந்தது ஆசுஸ் நிறுவனத்தின் ஈ-பிசி. ஏழங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, 512 எம்பி நினைவகம், 920 கிராம் எடை. அந்தக் காலத்தில் வலைப்பதிந்தவர்களுக்கு அது கிளப்பிய ஆரவாரம் நினைவிருக்கும். ஒரு கையால் தூக்கிக் காட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளாதவர் குறைவு. நெட்புக் என்ற சொல்லும் அதையொட்டியே பரவியது. ஐந்தாண்டுகள்தாம் அதன் ஆயுள். 2010-இல் ஐபேட் வந்தது. 2012 முடிவில் ஆசுஸும் ஏசரும் நெட்புக் செய்வதையே நிறுத்திக்கொண்டன.

நெட்புக்குகள் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு வணிக உலகம் பல காரணங்கள் சொல்லும். தமிழில் எழுதுவோர் சொல்லவேண்டிய காரணம் ஒன்றுண்டு. அதை யாரும் எழுதி நாம் பார்த்ததில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். தமிழுக்கு முப்பத்தொரு விசைகள் தேவை. ஆங்கிலத்திலோ எழுத்துகள் இருபத்தாறு. ஆகவே மிகுந்த எழுத்துகள் ஆங்கில விசைப்பலகையின் வலப்புற நிறுத்தக்குறிகளின் மேல் போய் உட்கார்ந்தன. சதுர அடைப்புக்குறிகளின் இடத்தில் ச, ஞ, அரைப்புள்ளியில் ந, மேற்கோள்குறியில் ய, சாய்கோட்டில் ழ. இப்போது நெட்புக் செய்தவர்கள் இடம் மிச்சம்பிடிக்க எதை ஒடுக்கினார்கள்? எழுத்து விசைகளை இயன்றவரை முழு அளவில் வைத்துவிட்டு, இந்த வலப்புற நிறுத்தக்குறிகளைத்தான் பாதி அகலத்துக்குச் சுருக்கினார்கள். சில மாதிரிகளில் இடமே மாற்றினார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது எப்போதோ ஒருமுறை ஏற்படும் இடறல். தமிழ்99-இல் எழுதுபவருக்கோ ‘ந’வும் ‘ய’வும் ‘ச’வும் இல்லாமல் ஒரு வாக்கியம் முடிவதில்லை. ‘தமிழ்’ என்று அடிக்கவே ஓரத்துச் சாய்கோட்டுக்குச் சுண்டுவிரலை நீட்ட வேண்டும். ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர்கள் இதை உணர்ந்திருக்க மாட்டார்கள். எந்தச் சிறு கணினியை வாங்குவதாயினும் கடையில் நின்று இந்த ஐந்து விசைகளின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பது நம் முதல் வேண்டுகோள். விற்பவர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்த்துக்கொள்ளட்டும்.

2011 நமக்கு ஒரு வசதியான ஒப்பீட்டை விட்டுச்சென்றிருக்கிறது. அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மூன்று வாரத்துக்குள், அக்டோபர் 5-இல், தில்லியில் கபில் சிபல் ‘ஆகாஷ்’ கைக்கணினியை வெளியிட்டார். தில்லி தந்தது ஏழங்குலத் திரையும் 256 எம்பி நினைவகமும் கொண்ட, அழுத்தினால் மட்டுமே மசிகிற தொடுதிரைப் பலகை. உலகின் மிக மலிவான கைக்கணினி என்ற பெருமை அதற்கு வாய்த்தது, பயன் வாய்க்கவில்லை. சென்னை தந்தது பதினான்கு அங்குலத் திரையும் முழு விசைப்பலகையும் 320 ஜிபி வன்தட்டும் உள்ள மடிக்கணினி. விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. நெட்புக் மோகம் அடங்காத அக்காலத்தில், ஏழைப் பிள்ளைக்குச் சின்னதாக ஒன்று போதுமே என்று முடிவெடுப்பது எளிதாகவே இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல், நடுத்தர வர்க்கத்து வீட்டில் வாங்கும் அளவிலேயே ஒன்றைக் கொடுத்தது அந்தத் திட்டத்தின் சிறப்பு என்று கருதுகிறோம். மூடியில் யார் படம், திரையில் யார் முகம் என்பதெல்லாம் வேறு வழக்கு. பின்வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. சிலர் விற்றார்கள் என்பது உண்மை. விற்கத்தக்க மதிப்பு அதற்கு இருந்தது என்பதும் உண்மை. ஆகாஷை யாரும் அடகுக்கடைக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்படவில்லை.

ஆனால் அந்த இலவசக் கணினிகள் கனத்தன. மின்னேற்றியோடு சேர்த்துத் தூக்கினால் இரண்டரைக் கிலோவை நெருங்கும். இதைச் சொன்னபோது நம் குழுவில் ஒருவர், விறகும் நீரும் சுமக்கிற மலைப் பிள்ளைகளுக்கு இது ஒரு சுமையா என்றார். இந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒருவர் நிறையச் சுமக்கிறார் என்பது மேலும் சுமத்துவதற்கு நியாயமாகாது. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் பேருந்தில் நின்றுகொண்டு வந்தவர்களுக்கு, அந்த வளைவுகளில் தோளில் தொங்கும் பை எப்படி இழுக்கும் என்பது தெரியும். பேருந்தை விட்டு இறங்கிக் காட்டுவழியில் நடந்து சேரவேண்டிய குக்கிராமங்கள் அங்கே நிறைய. கனமான கணினி விடுதியின் தகரப்பெட்டிக்குள் தங்கிவிடும்; இலேசானது விடுமுறைக்கு வீட்டுக்கு வரும். பாட்டியின் பாட்டு வீட்டில்தானே இருக்கிறது! ஆகவே எடை குறைவு இங்கே ஆடம்பரமன்று. ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கவேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கையே.

சிறிய கருவி என்றால் இளப்பம் என்ற எண்ணமும் நமக்கில்லை. அதே மலையில் காவலூர் வானாய்வகத்தின் கதை இருக்கிறது. 1968-இல் அங்கே பணி தொடங்கியது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு. அதைக் கொடைக்கானல் வானாய்வகத்தின் பட்டறையிலேயே செய்தார்கள். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று 1977-இல் உலகம் அறிந்தபோது, அதைப் பதிவுசெய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல்தான் வந்து சேர்ந்தது. அவை அளவில் சிறியவை. ஆனால் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டனவோ அந்த வேலைக்குப் போதுமானவை. சிறு மடிக்கணினியிடமும் இதையே கேட்கிறோம்.

இனி அந்த மாணவியின் வேலைக்கு எது போதும் என்று பார்ப்போம். இங்கேதான் மலிவுக் கணினிகளின் குட்டு உடைகிறது.

ஒலிப்பதிவைச் சுருக்காமல், குறுந்தகட்டின் தரத்தில் வைத்துக்கொள்ள ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 எம்பி இடம் வேண்டும். நாட்டார் வழக்காறுகளைச் சேகரிப்போர் சுருக்கிய கோப்புகளை நம்பி மூலத்தை அழித்துவிடக் கூடாது என்பது அத்துறையில் பழகியவர்கள் எல்லோரும் சொல்வது. முப்பது மணி நேரப் பதிவு என்றால் 19 ஜிபி. ஒரு கிராமத்துப் பாட்டுகளுக்கு முப்பது மணி நேரம் மிகையன்று; ஒரு சாவுக்கும் ஒரு திருவிழாவுக்கும் பாடுவதைப் பதிந்தாலே பாதி தீர்ந்துவிடும். மலிவான சிறு கணினிகளில் இருப்பது 64 ஜிபி. அதுவும் இஎம்எம்சி எனப்படும், பலகையோடு பற்றவைத்த சேமிப்பு. கைப்பேசியில் இருப்பதன் உறவுக்காரன். விண்டோஸ் 11 நிறுவவே 64 ஜிபி குறைந்தபட்சம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. இயங்குதளம் தன் பங்கையும், அவ்வப்போது வரும் மேம்படுத்தல்கள் தங்கள் பங்கையும் எடுத்துக்கொண்ட பின் பாட்டிக்கு எஞ்சுவது சொற்பமே. நிறைந்துவிட்டால் கழற்றி வேறு மாட்டவும் வழியில்லை.

நம் நண்பரான ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் 32 ஜிபி சேமிப்புள்ள சிறு கணினி ஒன்றை வாங்கினார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முதல் பெரிய மேம்படுத்தலுக்கே இடம் போதவில்லை. இடம் செய்ய எதையேனும் அழி என்று கணினி கேட்கும். அழித்தால் மீண்டும் கேட்கும். அழிப்பதற்கு அவருடைய கோப்புகள் தீர்ந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அது அவர் வீட்டில் பாட்டுக் கேட்கும் பெட்டியாக இருக்கிறது.

இதற்கு விற்பவர்கள் சொல்லும் விடை மேகக் கணிமை. கோப்புகளை இணையத்தில் ஏற்றிவிடுங்கள், கணினியில் எதற்கு என்பார்கள். 2023 ஜூலையில் ரிலையன்ஸ் அறிவித்த ஜியோபுக் இந்த எண்ணத்தின் தெளிவான வடிவம். விலை 16,499 ரூபாய், எடை 990 கிராம், 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு, 4ஜி இணைப்பு உள்ளேயே. நகரத்தில் தொடர் இணைப்போடு வாழ்பவருக்கு அது பொருத்தமான ஏற்பாடாக இருக்கலாம். ஜவ்வாது மலையில் மேகத்துக்குப் பஞ்சமில்லை. மேகக் கணிமைக்குத்தான் பஞ்சம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் பதிவேற்ற வாய்த்தால்கூட, நாம் சொன்ன ஒரு மணி நேரப் பாட்டு மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், இடையில் அலைவரிசை அறுபடாதிருந்தால். சமிக்ஞை கிடைக்கும் மேட்டைத் தேடிப் போய் நின்று பேசுகிற ஊர்களும் அங்கே உண்டு. பெருந்தொற்றுக் காலத்து இணைய வகுப்புகள் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி வாய்த்தன என்பதை நாம் மறந்திருக்க முடியாது. இணைப்பை நம்பிச் சேமிப்பைக் குறைத்த கணினி, இணைப்பில்லாத இடத்தில் வெறும் தட்டு.

சிறு கணினிகளுக்குச் சாதகமாகவும் சொல்லவேண்டியது உண்டு. அவற்றுள் பலவற்றில் காற்றாடி இல்லை, ஓசையே கிடையாது. பாட்டைப் பதியும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள அதைவிட உகந்தது வேறில்லை. பெரிய கணினிகளின் காற்றாடி இரைச்சல் பதிவில் வண்டாக ரீங்கரிப்பதை அனுபவித்தவர்கள் அறிவர். புதியனவற்றுள் சில, கைப்பேசிக்கு மின்னேற்றும் அதே சி-வகைச் செருகியில் மின்னேறும். காற்றடித்தால் மின்சாரம் போகும் ஊரில், திறன் போதிய ஒரு கைச்சேமக்கலம் இரண்டுக்கும் உதவுமென்றால் அது சிறிய வசதியன்று. 2023-இல் வந்த இன்டெல் என்100 போன்ற செயலிகள் முந்தைய செலரான்களைப்போலத் தவழ்வதுமில்லை. ஆகவே சிறு கணினி என்றாலே தள்ளு என்பது நம் கட்சியன்று. 8 ஜிபி நினைவகமும், கழற்றி மாற்றத்தக்க 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள சிறு கணினி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இருபதாயிரத்துக்குப் புதிதாகக் கிடைப்பதுதான் அரிது. 2025-இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அள்ளிக்கொண்டதன் விளைவு. எங்கோ ஓர் இயந்திரம் கவிதை எழுதக் கற்றுக்கொள்வதன் செலவில் ஒரு பங்கு, மலையில் பாட்டு எழுதப் புறப்பட்டவரின் தலையில் விழுகிறது. நிற்க.

அப்படியானால் வழி? பழையது. அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழித்த மடிக்கணினிகள் சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகரங்களின் கடைகளிலும் புதுப்பிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. திங்க்பேட், லேட்டிட்யூட் வரிசைகளில் பன்னிரண்டரை அங்குலத் திரையுள்ளவை உண்டு. பல ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். பயணம் போகும் அதிகாரிகளுக்கென்று செய்யப்பட்டவை, ஆகவே விசைகள் ஒழுங்காக இருக்கும். நாம் சொன்ன ஐந்து விசைகளும் விரலுக்கு அகப்படும். பலவற்றில் நினைவகத்தையும் சேமிப்பையும் திருப்புளி கொண்டு மாற்றலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. எனவே எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்று கேட்டு வாங்க வேண்டும். லினக்ஸில் எழுதப் பழகியவருக்கு இந்தக் கவலையும் இல்லை. இன்னும் பழைய, இன்னும் மலிவான ஒன்றே போதும். தமிழ்99 அதிலும் உண்டு. மின்கலம் தளர்ந்திருக்கும், மாற்று மின்கலத்துக்கென்று இரண்டாயிரம் மூவாயிரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது நல்லது.

புதுப்பொருள் வாங்கவேண்டும் என்ற ஆசையை நாம் எள்ளவில்லை. வீட்டில் முதன்முதலாக வாங்கும் கணினியை உறை பிரித்து எடுக்கும் மகிழ்ச்சிக்கு ஒரு விலையுண்டு. பழையதை வாங்கச் சொல்வது, ‘உங்களுக்கு இது போதும்’ என்று சொல்வதாக அந்த வீட்டாருக்குப் படக்கூடும் என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘உங்களுக்கு இது போதும்’ என்று உண்மையில் சொல்வது எது? ஆறு மாதத்தில் நிறைந்துவிடும் சேமிப்பையும் திறந்து பழுதுபார்க்க முடியாத உடலையும் பளபளப்பான உறையில் வைத்து விற்பதுதான் அப்படிச் சொல்கிறது என்பது நம் கட்சி.

கைப்பேசியிலேயே எழுதலாமே என்ற கேள்விக்கும் ஒரு சொல். இன்று கைப்பேசியில் நாவல் எழுதுவோர் உண்டு, எழுதட்டும். வாசிக்க மட்டும்தான் என்றால் கணினியே வேண்டாம். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் ஒரு நல்ல கைப்பேசியிலோ கைக்கணினியிலோ படித்துவிடலாம். ஆனால் ஒலிக்கோப்பை ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நொடி பின்னுக்குத் தள்ளி, மீண்டும் கேட்டு, ‘என்ன சொன்னாள் பாட்டி’ என்று திகைத்து, இரண்டு பாடங்களையும் அடுத்தடுத்து எழுதிவைத்து, கீழே குறிப்பும் போடுகிற வேலையைக் கட்டைவிரல்களால் செய்ய இயலாது. பார்ப்பதற்கான கருவி வேறு, செய்வதற்கான கருவி வேறு.

இந்த வேலை செய்யப்பட வேண்டும் என்பதில்தான் நமக்கு அக்கறை. ஜவ்வாது மலையின் மலையாளி மக்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி சமவெளியிலிருந்து ஏறிப் போய், சில நாள் தங்கி, இறங்கி வந்தவர்கள் எழுதியது. அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாட்டியின் மொழியைத் தாலாட்டில் கேட்டு வளர்ந்த ஒருத்தி அதை எழுத்தில் பெயர்க்கும்போது, எந்தச் சொல்லுக்கு அடிக்குறிப்பு வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற முடிவே வேறாகிவிடும். பாடுபவர்களின் வயதையும் நினைவில் கொள்ள வேண்டும். நான்காண்டுகள் கழித்து வேலை கிடைத்தபின் நல்ல கணினி வாங்கிக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பழைய பன்னிரண்டரை அங்குலக் கணினியும், பதிவுகளை இரண்டாவது படியாக வைக்க ஒரு வெளிப்புற வன்தட்டும் என்று கணக்கிட்டு எழுதியிருக்கிறோம். கடைக்கு உடன்வர ஒரு நண்பரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக அரசின் பக்கம். 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்து, முதற்கட்டமாக இரண்டாயிரம் கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த ‘ஓ’ நமக்கு உறுத்தியது. மேலே சொன்ன காரணத்தால் மடிக்கணினியே வேண்டும். பின்னர் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்டிருந்ததைக் கண்டு நிம்மதியடைந்தோம். இனி வரும் ஒப்பந்தப்புள்ளிகளில் மூன்று வரிகள் சேர்க்கப்பட வேண்டும். மின்னேற்றியோடு சேர்த்து எடைக்கு ஓர் உச்சவரம்பு. நினைவகமும் சேமிப்பும் மாற்றத்தக்கவையாக இருத்தல். விசைகளின் மேல் தமிழ்99 எழுத்துகள் அச்சிடப்பட்டிருத்தல். மூன்றாவதற்குப் பெரிய செலவில்லை. தமிழ்நாடு அரசே ஏற்றுக்கொண்ட விசைப்பலகையின் எழுத்துகளை, தமிழ்நாடு அரசே இலட்சக்கணக்கில் வாங்கும் கணினியில் பார்க்கவேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.